பதினேழு பேர் சொன்ன குறை

“நல்லதா ஒருத்தர்கூடவா எழுதல?” என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

தையல் மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா திரைச்சீலைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் குண்டூசி, கைபேசியை முழங்காலில் சாய்த்துவைத்து, யாரோ ஒரு கார்க்காரர் தன் வண்டியைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்த புகாரை அக்காவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி வந்ததும் படிப்பதை நிறுத்தினாள்.

குண்டூசி என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி. பத்துப் பேர் கூடிய இடத்தில் நின்றால் தேடித்தான் எடுக்கவேண்டும். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால், தெரிந்த பதிலும் தொண்டைக்குழியில் சிக்கிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் நின்றேபோனாள். இப்போது பத்தொன்பது வயது. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும், துணியை அளந்து மடிப்பதும்தான் வேலை.

“நல்லா ஓடற வண்டிக்காரங்க எதுக்குக்கா எழுதப்போறாங்க? அவங்க ஓட்டிக்கிட்டு இருப்பாங்க” என்றாள் கடைசியில்.

“அப்ப நடுரோட்டுல நின்னவன் பேச்சைக் கேட்டுத்தான் நான் வண்டி வாங்கணுமா?”

“பல்லு கட்டப்போறதுக்குப் பறக்கிற வண்டி கேக்குது உனக்கு” என்று அம்மா தையலிலிருந்து தலையெடுக்காமலே சொன்னாள். “நாலு கதவு வச்ச வண்டியெல்லாம் கண்ணுக்குத் தெரியுதா பாரு. ரெண்டே சீட்டாம். கூரையும் துணியாம். மழை வந்தா நான்தான் ஒட்டுப்போட்டுத் தரணும்.”

அக்கா பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒன்பது வருடமாக ஒரே முக்காலி, ஒரே மெழுகு விளக்கு, வரிசையாக யார் யாருடையவோ வாய் அச்சுகள். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு படிந்திருக்கும். இருபது வயதில் ஒரு சிக்னலில், கூரை மடக்கிய தாழ்ந்த வண்டி ஒன்றில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அந்தப் பெண் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, விளக்கு மாறுவதற்கு மட்டும்தான் காத்திருந்தாள் என்று வீட்டில் வந்து சொன்னாள். அன்று பிடித்த கிறுக்கு.

இப்போது தொலைதூர நகரம் ஒன்றில் வேறு வேலை வந்திருந்தது. ஊர் ஊராகப் பல் மருத்துவமனைகளுக்குப் போய் அளவெடுத்துப் பல்லைப் பொருத்திக் கொடுக்கவேண்டும். சொந்த வண்டி இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

“எப்படியும் ஒரு வண்டி வாங்கித்தான் ஆகணும். ஆசைப்பட்டதையே வாங்கிடறேன். அது கிடைக்கலேன்னா வேலையும் வேணாம். இங்கயே பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கறேன்.”

அக்கா பிடித்தால் பிடித்ததுதான். முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றே கால். ஆனால் பழைய வண்டி. புதிது வாங்க ஏழு பிறவி எடுக்கவேண்டும். பழையதை நம்பி எப்படி வாங்குவது? அந்தப் பொறுப்புதான் குண்டூசியின் தலையில் வந்தது. “நீதான் மணிக்கணக்கா எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கியே. இதைப் படிச்சுச் சொல்லு. இந்த வண்டி என்னை நட்டாத்துல விடுமா விடாதா?”

அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் கூடிப் புலம்பும் இணையதளம் ஒன்று இருந்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவர் ‘மூணாவது கியர்’, ஒருவர் ‘கிழட்டுச் சிறுத்தை’, ஒருவர் ‘மறுபடியும் தள்ளுறேன்’. முதல் வாரம் குண்டூசி மிரண்டுபோனாள். படித்த பக்கமெல்லாம் உடைசல், ஒழுகல், புகை. பிறகுதான் நிதானம் வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வண்டிக்குப் பொருந்தாது. இங்கே வெந்த சோறு பேசாது, தீய்ந்த சோறு மட்டும்தான் பேசும். ஆகவே எத்தனை பேர் திட்டுகிறார்கள் என்று எண்ணிப் பயனில்லை. ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாத ஆட்கள் ஒரே குறையை, ஏறக்குறைய ஒரே தூரம் ஓடிய பிறகு சொல்கிறார்களா? அதுதான் பழுது. மற்றது புலம்பல். வண்டி நின்றுவிட்டது என்பவரும், கதவில் கிறீச் சத்தம் வருகிறது என்பவரும் ஒரே தட்டில் வரமுடியாது. தினமும் ஓட்டுகிறவர் சொன்னதற்கு ஒரு மதிப்பு, வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே நிறுத்துகிறவர் சொன்னதற்கு வேறு மதிப்பு.

இதையெல்லாம் அவள் யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதினாள். துண்டுத்துணி மூட்டைக்கு அடியில் அப்படி நான்கு நோட்டுகள் இருந்தன. முன்பக்கத்திலிருந்து பழுதுகள். நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து, பழுதுக்கு நடுவே அந்த ஆட்கள் தம்மை அறியாமல் சொல்லிப்போனவை. ‘கூரை ஒழுகுகிறது. மனைவி உள்ளேயே குடை பிடிக்கிறாள். பதினோரு வருடமாக இப்படித்தான் போகிறோம்’ என்று எழுதியிருந்தார் மறுபடியும் தள்ளுறேன். கிழட்டுச் சிறுத்தைக்கு முட்டி போய்விட்டது. அவ்வளவு தாழ்ந்த இருக்கையில் உட்காரமுடியாது. ஆனாலும் தினமும் வண்டியை ஓடவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார், அப்போதுதான் என்ஜினில் ஒரு கடகடச் சத்தம் இருப்பது தெரிந்ததாம். இவ்வளவு திட்டுகிறவர்களில் ஒருவராவது விற்றார்களா என்று தேடிப் பார்த்தாள். விற்றவர்கள் ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கம் பக்கமாகத் திட்டியவர்கள் எல்லாம் வைத்திருந்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். என்ன, இந்தக் காக்கைகள் குஞ்சைக் கொத்திக்கொண்டே வளர்த்தன.

முதலில் பார்த்த வண்டியைக் குண்டூசி வேண்டாம் என்று சொன்னது நியாயம்தான். அதன் கியர்ப்பெட்டி சரியில்லை என்று முப்பது பேர் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதாக வந்தது கரும்பச்சை வண்டி. படத்தைப் பார்த்ததும் அக்கா கைபேசியைக் கொஞ்ச நேரம் திருப்பித் தரவே இல்லை.

“இது மட்டும் நல்லதுன்னு வந்துட்டா, ஊசி, அடுத்த மாசம் இந்நேரம் நான் இங்க இல்ல” என்றாள்.

வெளியாட்களோடு பேசவேண்டிய பேச்சையெல்லாம் குண்டூசிக்காகப் பேசியது அக்காதான். கடையில், மருத்துவரிடத்தில், வாசலில் வந்து நிற்கிறவர்களிடத்தில். சாயங்காலம் அந்த வெள்ளைப் புருவம் கதவில் தெரிந்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடியும். அக்கா போன பிறகு வீட்டில் என்ன சத்தம் இருக்கும்? தையல் இயந்திரம் ஓடும். நிற்கும். ஓடும்.

கரும்பச்சை வண்டியின் ரகத்தில் ஒரே ஒரு பெரிய பழுதுதான் தேறியது. என்ஜினுக்குப் பின்னால் தண்ணீர் போகும் குழாய் ஒன்று. பிளாஸ்டிக். எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்புறம் சூட்டில் வெடித்துவிடும். தண்ணீர் போய் என்ஜின் கொதித்துப்போகும். பதினேழு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர் பாலத்தின் மேல் நின்றிருக்கிறார். குண்டூசி பதினேழு வண்டியும் எந்த வருடத்தில் செய்தவை என்று தேடிப் பிடித்து எழுதினாள். எழுதி முடித்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. எல்லாம் அந்த ரகம் வந்த முதல் மூன்று வருடத்து வண்டிகள். நான்காம் வருடம் முதல் கம்பெனியே இரும்புக் குழாய் போட்டுவிட்டது. அதற்கப்புறம் ஒரு புகார்கூட இல்லை. கரும்பச்சை வண்டி ஆறாம் வருடத்தது.

நோட்டில் ‘வாங்கலாம்’ என்று எழுதினாள். அதன் கீழே, ‘வாங்கினால் போய்விடுவாள்’ என்று எழுதினாள். நோட்டை மூடித் துணி மூட்டைக்கு அடியில் தள்ளினாள்.

அன்று அக்கா வந்ததும் பதினேழு புகாரையும் ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை. வருடத்தை மட்டும் சொல்லவில்லை.

அப்போது வந்ததுதான் அந்தக் கேள்வி, நல்லதா ஒருத்தர்கூடவா எழுதல என்று. பேச்சு முடிந்ததும் அக்கா முகத்தைக் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை அக்காவுக்கு. ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், விற்பவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்த மெக்கானிக் கொட்டகைக்கு இருவரும் போனார்கள். வண்டி தூக்கு இயந்திரத்தில் ஆளுயரத்துக்கு மேலே நின்றது. மெக்கானிக் அடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு திருகாணியைக் கவ்வியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னாடி தண்ணிக் குழாய் ஒண்ணு இருக்காமே, அதைப் பாருங்கண்ணே. அதுதான் எல்லாருக்கும் வெடிச்சிருக்கு” என்றாள் அக்கா.

மெக்கானிக் திருகாணியைத் துப்பினார். ஸ்பானரால் மேலே ஒரு தட்டு தட்டினார். டங் என்றது.

“இரும்பும்மா. இது வெடிக்கறதுக்குள்ள நமக்கெல்லாம் பல்லு கொட்டிடும்.”

“பல்லு நான் கட்டித்தர்றேன்” என்றாள் அக்கா தன்னையறியாமல் சிரித்து. பிறகு சிரிப்பு நின்றது. “பிளாஸ்டிக்னு பதினேழு பேர் எழுதியிருந்தாங்களே?”

“பழைய வண்டிக்காரங்களா இருக்கும். இல்லாட்டி ஒருத்தனுக்கு வெடிச்சா ஒம்பது பேரு தனக்கும் வெடிச்ச மாதிரி எழுதுவான். இந்த நெட்டுல எழுதறதை நம்பினா நாட்டுல ஒரு வண்டி ஓடக்கூடாதே! பாவம், பாப்பா படிச்சதைச் சொல்லியிருக்கு.”

தப்பிக்க வழி தானாகத் திறந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும். அதுகூட வேண்டாம், வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அக்கா அண்ணாந்து அந்த வண்டியின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருவத்தில் இன்றும் கொஞ்சம் மாவு இருந்தது. சனிக்கிழமையும் கூடுதல் வேலை பார்த்திருக்கிறாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள் குண்டூசி.

குரல் எங்கிருந்தோ வந்ததுபோல மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தெரியும்?” என்றாள் அக்கா.

“பதினேழும் பழைய வண்டிக்கா. நாலாம் வருஷத்துல இருந்து இரும்பு. போன வாரமே தெரியும். இது நல்ல வண்டி. முதல்ல பார்த்த ரெண்டும் நெசமாவே மோசம். இது நல்லது.”

“தெரிஞ்சுமா அப்படிப் படிச்சே?”

“ம்.”

“ஏன்டீ?”

மெக்கானிக் விளக்கை அணைத்துவிட்டு, ஏதோ தேடுகிற மாதிரி கொட்டகையின் மறுகோடிக்குப் போனார்.

“நீ போயிடுவேன்னுதான்” என்றாள் குண்டூசி.

அக்கா திட்டுவாள் என்று நினைத்தாள் குண்டூசி. திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். பக்கம் பக்கமாகத் திட்டட்டும். அக்கா திரும்பி, “அண்ணே, இறக்குங்க, ஓட்டிப் பார்க்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

அன்றே பேசி முடித்தாள். மூன்றாம் நாள் வண்டி வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்க்காத ஜன்னல் இல்லை. அம்மாகூட ஒருமுறை ஏறி உட்கார்ந்து, “இறங்கறதுக்கு ஒரு ஏணி வேணும்டி” என்று கத்தினாள். அக்கா எல்லாரோடும் பேசினாள், சிரித்தாள். குண்டூசியிடம் மட்டும் பத்து நாளாக ஒரு சொல் இல்லை. ஒரே அறையில்தான் படுத்தார்கள். அக்கா மடித்த துணிகளை இவள் எடுத்து நீட்டினால் வாங்கிப் பெட்டியில் வைப்பாள். அவ்வளவுதான். ஒருநாள் துணி மூட்டை கொஞ்சம் நகர்ந்திருந்ததுபோல் இருந்தது. நோட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. யார் நகர்த்தியது என்று அவள் கேட்கவில்லை.

கிளம்பும் நாள் காலையில் பெட்டிகள் முன்பே லாரியில் போய்விட்டிருந்தன. அம்மா வாசலில் நின்று, மெதுவாகப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, கூரையை மூடிக்கொண்டு போ, தலைவலி வரும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அது ஓடவில்லை. நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று குண்டூசிக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அக்கா வண்டியில் ஏறினாள். என்ஜினை ஓடவிட்டாள். கூரையை மடக்கினாள். பிறகு, போகாமல், அந்தப் பக்கமாகச் சாய்ந்து கைநீட்டி அடுத்த இருக்கையின் கதவைத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டு நேரே சாலையைப் பார்த்தபடி இருந்தாள்.

குண்டூசி கதவருகே போனாள். இருக்கை தாழ்வாக, காலியாக இருந்தது. வெயிலில் சூடேறிய தோலின் மணம் வந்தது. ஒரு அடி எடுத்துவைத்தால் போதும், மாற்றுத்துணிகூட வேண்டாம். அக்காவின் கை கியர்க்கம்பியின் மேல் இருந்தது. விரல்களில் மெழுகு சுட்ட காயங்கள். குண்டூசி அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளே அம்மா நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நின்றாள். பிறகு கதவைத் தள்ளி, சத்தம் வராமல், அழுத்திச் சாத்தினாள்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, கியரைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.