கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் எவனிடமும் ஏமாறாதவன் என்ற பெயருக்கு விலை நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். பில் போட்டவன் நான்.

மாரிராஜ் அண்ணாச்சி காய்கறிக் கமிஷன் கடைக்காரர். விவசாயி மூட்டையை இறக்குவதற்குள் விலையை இறக்கிவிடுவார். போன மாதம், செங்கோட்டையில் இருக்கும் சகலை பாண்டியராஜ் ஐந்து லட்சம் சொன்ன பழைய காரை நாலு இருபதுக்கு முடித்தார். அதை மார்க்கெட்டில் சொல்லிக்கொள்ளாத நாளில்லை. ஒரே குறை, டயர் இரைச்சலில் போனில் சொல்லும் விலை அவர் காதில் விழவில்லை. அதனால் குத்துக்கல்வலசையில் இருக்கும் என் கடைக்கு வந்தார். காரின் கதவுக்குள்ளும் தரையிலும் ரப்பர் ஷீட் ஒட்டிச் சத்தத்தை அடக்குவது என் தொழில்.

"முப்பத்திரண்டாயிரம் அண்ணாச்சி."

"தார் ஷீட்டுக்கா? எங்க மொட்டமாடி முழுக்க ஒழுகாம ஒட்டவே பன்னெண்டாயிரம்தாம்லே ஆச்சு."

"அப்ப மொட்டமாடிய ஓட்டிட்டுப் போங்க."

"எங்கிட்ட கத்தரிக்கா போடுதப்ப உங்கப்பனுக்கும் இதே வாய்தாம்லே. ஒருநாளாவது பேசின விலைய வாங்கிட்டுப் போயிருக்கானா?"

போனதில்லை. எனக்கும் அந்த வாரம் வேறு வண்டியில்லை. சாரல் விழுந்தால் சனம் குற்றாலத்துக்குத்தான் ஓடும், என் கடைக்கு வராது. அண்ணாச்சி ஒரு மணி நேரம் வைதுவிட்டு இருபத்துநாலாயிரத்தில் வந்து நின்றார். ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் கண்முன்னாலேயே சீட்டுகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் விரற்கடை வண்டல், பாளம் பாளமாக வெடித்திருந்தது. வயர் கட்டுக்குள் வைக்கோல் துரும்பு. திருகாணியெல்லாம் துரு. எங்கோ வெள்ளத்தில் முங்கிக் கிடந்த வண்டி.

"நீ கொண்டாந்து கொட்டினியாலே?"

"ஆமா, ஆத்துல அள்ளியாந்து வயருக்குள்ள ஒவ்வொரு துரும்பா சொருகினேன்."

"கதவக் கழத்து."

கழற்றினேன். உள்ளே பாதிக் கதவு உயரத்துக்கு மண் கோடு போட்டிருந்தது. கையில் தூக்கிப் பார்த்தே சொத்தைக் காயைப் பிரிக்கிறவர், ஒரு பிடி வண்டலை எடுத்துக் கசக்கினார்.

"ரெண்டு லட்சம் பெறாது" என்று அவர் வாயாலேயே வந்தது.

அப்போது போன் அடித்தது. சகலை. அண்ணாச்சியின் கையெல்லாம் மண். நான் அமுக்கினேன், ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன சகல, எம்பதாயிரம் அடிச்சு வாங்கினீரே, வண்டி எப்படி ஓடுது?"

அண்ணாச்சி என்னை வெட்டுவது போலப் பார்த்தார்.

"பூ மாதிரி ஓடுது வே. நீருதான் ஏமாந்துட்டீரு."

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமானது. போனை அணைத்தேன்.

"ஷீட்ட ஒட்டி மூடுலே. இது ஒருத்தனுக்கும் தெரியப்பிடாது."

"மண்ணு மேல ஷீட்டு நிக்காது அண்ணாச்சி. கழுவி, துரு சொரண்டி, இந்தச் சாரல்ல சூடுகாத்து போட்டுக் காயவைக்கணும். நாப்பத்திரண்டாயிரம். நானாப் போய் ஊர்ல சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கு நீங்க விக்கயில, வாங்குதவன் வந்து கேட்டா உள்ளதச் சொல்லுவேன்."

"மெரட்டுதியாலே?"

"வெல சொல்லுதேன். கட்டாதுன்னா டிரைவர் சீட்ட மட்டும் மாட்டித் தாரேன், இப்படியே ஓட்டிட்டுப் போங்க. மார்க்கெட் வழியாத்தான் போகணும். சீட்டில்லாத வண்டிய எவனும் எட்டிப் பாப்பான்."

"உங்கப்பன் அடங்கிப் போனாம்லே."

"கத்தரிக்கா சாயந்தரத்துக்குள்ள அழுகிரும், அதான் அடங்கினாரு. இந்த மண்ணு அழுகாது."

நாலாம் நாள் வண்டியைக் குற்றாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இரைச்சல் இல்லை. இல்லை என்று அவர் சொல்லவும் இல்லை. பில்லைப் பிடுங்கினார்.

ஷீட்டும் கூலியும் இருபத்துநாலாயிரம். கழுவி, துரு சுரண்டி, காயவைத்தது எட்டாயிரம். கத்தரிக்காய் பத்தாயிரம்.

மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தார். பேரம் பேசவில்லை. எச்சில் தொட்டு எண்ணி, மேஜையில் எறிந்தார்.

"நூறு குறையுதே அண்ணாச்சி."

"முழுசாக் குடுத்தா நான் ஏமாந்தவன் ஆயிருவேம்லே" என்று காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். நல்ல ஷீட், அந்தச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

வரவு நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். கத்தரிக்காய்க் கணக்கில் பாக்கி நூறு.