அகழிக்கரையில் வெட்டிய தோல்

பரணிதரன் சார் அந்தத் தோல் துண்டுகளை நீலத் தட்டில் செருப்பு வடிவத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். முன்பக்கம் என்று ஒன்று, குதிகால் என்று ஒன்று, நடுவில் இரண்டு சில்லு. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷம், கையால் தோல் வெட்டுகிற மேஜையில் நின்றவள் நான். ஆர்டர் இல்லை என்று போன வருஷம் அனுப்பிவிட்டார்கள். இப்போது எங்கள் ஊர்க் கோட்டையின் பழைய அகழியைத் தோண்டும் தொல்லியல் வேலையில், அதற்கு அதிகாரியான சாருக்குக் கீழே தினக்கூலி. கூடை சுமக்கிறேன், சேறு கழுவுகிறேன். கழுவுகிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று அவருக்கு நினைப்பு.

கோட்டை என்று சொன்னாலும் மதில் பாதிக்கு மேல் கிடையாது. அகழி எப்போதோ தூர்ந்து முள்ளும் குப்பையுமாகிவிட்டது. அதன் வெளிக்கரையில்தான் எங்கள் தெரு, நாற்பத்திரண்டு வீடு. அகழியைச் சுத்தம் செய்து பூங்கா வைக்கப் போகிறார்கள், அதனால் தெரு போக வேண்டும். போன மாதம் ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'அகழியின் வெளிக்கரையில் எக்காலத்திலும் குடியிருப்பு இருந்ததற்குச் சான்று இல்லை' என்று அதில் ஒரு வரி. எக்காலத்திலுமாம்! ஆக்கிரமிப்பு என்று திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அதைப் படித்த மறுநாளே இதே அகழியைத் தோண்ட நானே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை சார் அறிக்கை அனுப்புகிறார். திங்கட்கிழமை எங்கள் தெருவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தால் போதும், அதைக் காட்டி வாதாடலாம். வேறு காகிதம் எதுவும் எங்களிடம் இல்லை.

துண்டுகள் நேற்றுப் பன்னிரண்டு அடி ஆழத்தில், ஈரம் காயாத கறுப்புச் சேற்றில் கிடைத்தன. ஒரு கூடை நிறைய. ஐந்நூறு வருஷம் இருக்கும் என்றார் சார். கழுவும்போது ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோலின் நிறம் ஓரத்தில் தெரிந்தது. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், இது செருப்பு இல்ல."

நிமிர்ந்தார். "பின்ன என்னக்கா? காவல் வீரங்களோடது. மதில் மேலருந்து விழுந்திருக்கும்."

"மதில் அந்தாண்ட கீது. இது கெடச்சது இந்தாண்ட, எங்க தெரு பக்கம்."

பக்கத்தில் சேறு கழுவிக்கொண்டிருந்த நசீமுன்னிசா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "ஏ ஹெலன், சும்மா இரேன். பேஜாராயிடும்."

ஆகட்டும் என்று தட்டை என் பக்கம் இழுத்தேன். துண்டுகளின் வளைந்த ஓரங்களெல்லாம் உள்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். நடுவில் ஒரு காலி இடம் வந்தது. குதிகால், நடு ஒடுக்கம், பெருவிரல் பக்கத்து அகலம். யாருடையதோ ஒரு வலது கால் அப்படியே தெரிந்தது.

"இது வெட்னதுல மீந்த வேஸ்ட்டு. செருப்பு கால்ல ஏறி ஊர் ஊரா போவும் சார். வேஸ்ட்டு எங்கயும் போவாது. வெட்னவன் உக்காந்த எடத்துலயே கெடக்கும்."

சார் தட்டின் மேல் குனிந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. புரியாத ஆளாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்க்கா. ஆனா ரிப்போர்ட்ல யார் சொன்னதுன்னு போடறது? எக்ஸ்பர்ட் யாராவது பாக்கணும். நீங்க வந்து..."

"கூலி ஆளு. சொல்லுங்க, பரவால்ல."

அவர் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதையைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

நான் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனேன். என் கத்தி, பலகை, பரணில் கிடந்த ஒரு தோல் மூன்றையும் எடுத்து வந்தேன். குழியைச் சுற்றிக் கட்டியிருந்த நூலுக்கு வெளியே, கரை விளிம்பில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கூடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். என் வலது காலைத் தோல்மேல் அழுத்தி வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்து, கத்தியை இறக்கினேன். குதிகால் வளைவில் கத்தி திரும்பியதும் மீந்த துண்டு தனியாகக் கழன்று, விளிம்பைத் தாண்டி, பன்னிரண்டு அடிக்குக் கீழே கறுப்புச் சேற்றில் விழுந்தது. நேற்று கூடை நிரம்பிய அதே மூலையில்.

வெட்டிய அடித்தோலைச் சாரிடம் நீட்டினேன். "இத எடுத்துகினு எங்க வேணா போங்க. உள்ள வுழுந்தத மட்டும் எடுத்தாந்து அதும் பக்கத்துல வையுங்க."

அவர் ஏணியில் இறங்கினார். சேற்றோடு அதை எடுத்து வந்து தட்டில் வைத்தார். கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று, இரண்டும் ஒரே வளைவு. நசீமுன்னிசா தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பழக்கதோஷத்தில் சார், கிடைக்கிற ஒவ்வொரு பொருளோடும் வைக்கும் சீட்டில் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார். கிடைத்த இடம், ஆழம் இரண்டையும் எழுதினார். 'காலம்' என்ற கட்டத்துக்கு மேலே பேனா நின்றுவிட்டது.

நான் இடது காலுக்காகத் தோலைத் திருப்பிப் போட்டேன்.