சதுக்கத்தின் குறுக்கே

1

விடிந்தும் விடியாத நேரத்தில் என் வீட்டு மணி அலறியது. கதை இப்படித் தொடங்கினால்தான் வாரப் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அலறியது.

கதவைத் திறந்தால் இத்தாலியின் தெற்குக் கோடியான கலாப்ரியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு கணவன், மனைவி. கணவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சிவப்பு ரிப்பன் சுற்றிய இலைக் கிரீடம்.* பட்டம் வாங்குகிறவர்களுக்கு இங்கே சூட்டுவது.

“டாக்டர் நூன்சியா வீடு இதுதானே?” என்றார்.

மணியை மாற்றி அழுத்தியிருக்கிறார். மாடியைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த நூன்சியா ரயில் நிலையத்துக்கு எதிரே காப்பி போட்டுக்கொண்டிருப்பவள்.

நான் கண்டது இவ்வளவுதான். மீதியை நான்தான் எழுதுகிறேன். பழியும் என்னோடு.

* லாரல் இலை. பிரியாணியில் போடுகிற இலைக்கு ஒன்றுவிட்ட அக்கா. வழியெல்லாம் மடியில் வைத்திருந்தும் ஓரம் கருகியிருந்தது.

2

பழமையான பல்கலைக்கழக நகரமான பொலோஞாவில் —

வேண்டாம். அதைச் சுற்றுலாக்காரர்கள் எழுதட்டும்.

நூன்சியா ஒரு பொய்க்காரி —

இதுவும் வேண்டாம். அவள் சொன்னது ஒரே ஒரு பொய். உடற்கூறியல் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் தேறவில்லை என்று அவளைப் பாதியில் எழுப்பி அனுப்பிய அன்று மாலை, “என்ன ஆச்சு?” என்று அப்பா தொலைபேசியில் கேட்டார். “பாஸ்” என்றாள். ஊரில் பஸ் ஓட்டும் அப்பா சவேரியோ அன்று பாரில் இருந்த எல்லாருக்கும் தன் செலவில் மது வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் புதிதாகப் பொய் எதுவும் சொல்லவில்லை. பழையதற்குத் தீனி போட்டாள். பட்டம் வாங்கியதாகச் சொல்ல ஒரு தேதி வேண்டியிருந்தபோது, அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தாள். யாரும் வர முடியாதல்லவா?

[இந்த இடத்தில் அவளை மன்னிக்கும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

3

அம்மாதான் எனக்குப் பிடிபடவில்லை. பெயர் இமாகொலாதா. முதல் வரைவில் அழுதாள். இரண்டாவதில் ஊரிலிருந்து கொண்டுவந்த, எண்ணெயில் ஊறிய கத்தரிக்காயை மகளின் கட்டில்மேல் பரப்பி வைத்து மறுபடி அழுதாள். கதைகளில் அம்மாக்கள் வேறென்ன செய்கிறார்கள்? மூன்றாவதில் ஒன்றே ஒன்று செய்யவிட்டேன்: மகளின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்தாள். காப்பி இயந்திரத்தின் ஆவி பட்ட தழும்பு. ஆஸ்பத்திரியில் பட்டது என்றாள் மகள். அம்மா சட்டைக் கையை இழுத்து அதை மூடிவிட்டாள்.

அப்பாவோ ஒரே கொண்டாட்டம். “டாக்டரம்மா, எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் உண்டா, இல்ல வரிசையில நிக்கணுமா?” என்று கேலி செய்தார். பெரிய சதுக்கத்தில் கிரீடத்தோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார். போகிற வழியில், ஊர் மருத்துவர் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதையும் சொன்னார்.

“இன்னும் தொடல. என் பொண்ணு பார்த்துச் சொல்லட்டும்னு அந்தாளு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்.”

நூன்சியாவுக்குக் கால் நின்றுவிட்டது. இத்தனை நாள் அந்தப் பொய் அவளை மட்டும்தான் தின்றுகொண்டிருந்தது.

4

பெரிய சதுக்கத்தைப் படிப்பு முடியாத மாணவர் யாரும் குறுக்கே கடப்பதில்லை. கடந்தால் பட்டம் கிடைக்காது. சேர்ந்த புதிதில் அப்பாவும் அம்மாவும் கொண்டுவந்து விட்டபோது, நூன்சியாதான் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர்களை ஓரமாகச் சுற்றி அழைத்துப் போனாள்.

“இப்ப நடுவுல நடக்கலாம் இல்ல?” சவேரியோ கிரீடத்தை அவள் தலையில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் தயங்கவில்லை. தேர்வுக்குப் போவதை நிறுத்திய அன்றே, வீம்புக்கு, இதே சதுக்கத்தைத் தனியாகக் குறுக்கே கடந்தவள்தான். பட்டமே போன பிறகு எதற்குப் பயம்? ஆனால் எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வாக்கியம் கூடத் தயார்: “அப்பா, நான் டாக்டர் இல்ல.”

முடிவு ஒன்று: சொல்கிறாள். சவேரியோ சதுக்கத்தின் நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு —

மலிவு. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சொல்கிறாள். அவர் கட்டி அணைத்துக்கொள்கிறார்.

இதை எழுத என் கை வரவில்லை. வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், காகிதம் உங்களுடையது.

நான் பார்த்தவரை நடந்தது இது. (பார்த்தவரை என்றால், எழுதியவரை.) அவர்கள் இருவரும் எதிர்ப்பக்கம் சேர்ந்தபோது இமாகொலாதாவைக் காணவில்லை. அவள் கனத்த பையோடு, வெயிலில், சதுக்கத்தின் ஓரமாகவே சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து மகள் பக்கத்தில் நின்றதும், சவேரியோ போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்துபோய், போனை நீட்டிப் பிடித்து, “சிரிங்க” என்று கையாட்டினார்.

“நீ ஏம்மா சுத்தி வர்ற? நீ என்ன படிக்கிறியா?” என்றாள் நூன்சியா. பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மா, அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

இமாகொலாதா கிரீடத்தின் ரிப்பனைச் சரிசெய்தாள். போனைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்:

“முடிக்காதவங்க குறுக்கே போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன? அதான் உனக்கும் சேர்த்து நான் சுத்தி வந்தேன். இப்ப வாயை மூடிக்கிட்டுச் சிரி. அப்புறம் அந்த மாத்திரையைப் போடச் சொல்லு. டாக்டர் சொன்னாத்தான் உங்கப்பா கேப்பாரு.”