மெலோவாவுக்கு வந்த கப்பல்

மெலோவா என்ற சின்ன நாடு விடுதலை பெற்றதும் கொடி மாறியது, கீதம் மாறியது. கோப்பி மட்டும் பழைய வழியிலேயே போனது. மலையிலிருந்து லொறியில் எல்லை தாண்டி, முன்பு ஆண்ட நாட்டின் துறைமுகத்துக்கு. சொந்தத் துறைமுகத்தில் அரிசியும் சீமெந்தும் பால்மாவும் இறங்கும். கொண்டுவந்த கொள்கலன்கள் வெறுமையாகத் திரும்பும்.

பால்மாவை நியூசிலாந்தின் ஓக்லண்டிலிருந்து அனுப்பியவள் ரதிதேவி. அந்நகரின் பென்ரோஸ் பகுதியில் சிறிய சரக்கு நிறுவனம் நடத்துகிறாள். ஒருநாள் கப்பல் நிறுவனத்திலிருந்து மதன்குமார் அழைத்தார்.

"மேடம், மெலோவா ரூட்டை நிறுத்தப் போறோம். அந்தத் துறைமுகத்துக்கு எதிர்காலமே இல்ல. போகும்போது சரக்கு, வரும்போது காத்து."

"காத்துக்குப் பதிலா கோப்பி வந்தால்?"

"வந்தா பேசலாம். வராது மேடம்."

ரதிதேவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரமே மெலோவாவுக்குப் பறந்தாள். மலைக்குப் போய், கோப்பியைச் சொந்தத் துறைமுகம் வழியே அனுப்பக் கேட்டாள். கோப்பி விவசாயிகள் சங்கத் தலைவி ரொசாலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னதை ஒருவர் மொழிபெயர்த்தார்.

"எங்கள் துறைமுகத்தில் கிடங்கு இல்லை. கப்பல் பிந்தினால் மூட்டையெல்லாம் மழையில் ஊறிவிடும். யாரை நம்பி அனுப்புவது?"

ரதிதேவி துறைமுகத்துக்கு இறங்கி வந்தாள். வெறும் கொள்கலன்கள் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. பார்த்தபடியே நின்றவள் சட்டென்று சிரித்துவிட்டாள். அவற்றையே லொறிகளில் மலைக்கு ஏற்றினாள். கோப்பியை அங்கேயே நிரப்பி, கதவைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இனி எந்த மழை வந்தால் என்ன?

"இதுதான் உங்கட கிடங்கு" என்று இரும்புச் சுவரைத் தட்டிக் காட்டினாள். மொழிபெயர்க்கும் முன்பே ரொசாலினா அவளைக் கட்டிக்கொண்டாள்.

கப்பல் ஓக்லண்டுக்குள் நுழைந்த காலை, மதன்குமாரும் துறைமுகத்துக்கு வந்திருந்தார். முதல் கொள்கலனைத் திறந்ததும் வறுக்காத பச்சைக் கோப்பியின் வாசம் வெளியே அடித்தது. ஒரு கொட்டைகூட நனையவில்லை.

"நான் சொன்னது தப்பு மேடம். ரூட் தொடரும்" என்று கை நீட்டினார்.

"தொடர்ந்தால் மட்டும் போதாது மதன். பெரிய கப்பல் விடுங்கோ."

அறுவடை முடிவதற்குள் பெரிய கப்பலே போனது. மெலோவா மலையில் விளைந்த கோப்பி முழுவதும் மெலோவாவின் துறைமுகத்திலேயே ஏறியது. இன்னொரு கப்பல் நிறுவனமும் இடம் கேட்டு வந்தது. அங்கே புதிய பாரந்தூக்கி நிமிர்ந்து நின்ற நாளில், ஊரே இறங்குதுறைக்கு வந்து ஆடியது. அந்த ஆரவாரத்தை ரதிதேவி பென்ரோஸ் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டாள். கேட்டவள் கதிரையை விட்டு எழும்பி, தானும் கைதட்டினாள்.