ஒன்பது தரப்பும் ஒரு கடைவாய்ப் பல்லும்

காடு வளர்க்க மழை வேண்டும், மண் வேண்டும், விதை வேண்டும். மனிதர்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்பதில் வரைபடக்காரனுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. வயது இருபத்தாறு. இவ்வளவு பெரிய உண்மைக்கு அது கொஞ்சம் தாமதம்தான் என்று அவனே பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்வான்.

பன்னிரண்டாயிரம் ஹெக்டேர் மொட்டைக் குன்றுகளை மறுபடி காடாக்கும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எங்கெல்லாம் கன்று நடலாமோ அங்கெல்லாம் கணினியில் பச்சை அடிப்பான். அதே அறையின் மறுகோடியில், ஆடாத ஒரே நாற்காலியில், அவனுடைய சொந்த அக்கா. வனத்துறை, நீர்த்துறை, மர ஆலை, தோட்டக்காரர்கள், தேன் எடுப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மூன்று ஊர்கள் என்று ஒன்பது தரப்பையும் ஒரு பேச்சுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. ஒன்பதில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது என்பது ஒப்பந்தம். அதை எழுதி முடிக்கவே நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஏன் ஆனது என்பதை, அக்கா செல்போனில் பேசும்போதெல்லாம் அவன் தினமும் காதால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பல் வலி எப்படி இருக்கு? உப்புத் தண்ணி கொப்பளிச்சீங்களா? ராத்திரி தூங்கினீங்களா?"

மந்தைத் தலைவரின் கடைவாய்ப் பல். நாற்பது ஆட்டுக்காரக் குடும்பங்களுக்கு அவர் பேச்சுதான் பேச்சு. அவருக்கோ மூன்று வாரமாகப் பல்லைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"அக்கா, நாம காடு வளர்க்கிறோமா, பல் ஆஸ்பத்திரி நடத்துறோமா?"

"பல் வலிக்கிறவர்கிட்ட மேய்ச்சல் நிலத்தைப் பத்திக் கேட்டா கடிச்சு வெச்சிருவாருடா."

"என் கணினிகிட்ட விட்டிருந்தா இந்நேரம் மூணு பள்ளத்தாக்கு பச்சையாயிருக்கும்."

"உன் கணினி எத்தனை ஆடு மேய்ச்சிருக்கு?"

இப்படிப்பட்ட அறிவியலுக்குப் புறம்பான கேள்விகளுக்கு அவன் பதில் சொல்வதில்லை.

வடக்குப் பள்ளத்தாக்கின் வரைபடத்தைக் கூட்டத்தில் விரித்த அன்று, மந்தைத் தலைவர் ஐந்து நிமிஷம் அதையே பார்த்தார். கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் எழுந்தார். "நாங்க விலகிக்கிறோம்" என்று ஒரே வார்த்தை. நாற்பது குடும்பமும் போயிற்று. உடனே மர ஆலைக்காரர் தன் தொண்டையைச் செருமினார். ஒருத்தர் போனால் அடுத்தது யார் என்பது அந்தச் செருமலிலேயே இருந்தது.

அன்று மாலை நாற்றங்காலிலிருந்து ஆள் வந்தார். நாற்பதாயிரம் கன்று, வேர் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இன்னும் பத்து நாள் மழை இருந்தால் அதிகம். இந்த மழைக்கு நடாவிட்டால் அத்தனையும் பையிலேயே சுருண்டு சாகும்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

"பள்ளத்தாக்கு நடுவுல படத்துல வெள்ளையா தெரிஞ்ச திட்டுல யாரைக் கேட்டுப் பச்சை அடிச்சே?"

"படத்துல காலியா இருந்துச்சு."

"படம் எத்தனை மணிக்கு எடுத்தது?"

"காலையில பத்தரை."

"ஆடு கிடைக்கு வர்றது எத்தனை மணிக்கு?"

கிடை என்றால் மந்தை மத்தியானம் படுத்து இளைப்பாறும் இடம் என்பது அவனுக்குத் தெரியும். அது எத்தனை மணிக்கு நிரம்பும் என்பது கணினிக்குத் தெரியாது.

"பச்சை அடிச்சது நீ. போய்ப் பேசவேண்டியதும் நீதான்" என்றாள் அக்கா.

மறுநாள் உச்சி வெயிலில் அவன் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய காலி நிலத்தில் இரண்டாயிரம் ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. மந்தைத் தலைவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அவன் மடிக்கணினியைத் திறந்தான். மண் அரிப்பைச் சொன்னான். நீர்மட்டத்தைச் சொன்னான். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தான். அவர் பக்கத்திலிருந்த கிடாவிடம் மட்டும், "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம், கேட்டியா?" என்றார். கிடா கேட்டுக்கொண்டது. அவன் அச்சடித்துக் கொண்டுவந்த வரைபடத்தின் ஒரு மூலையையும் தின்றது.

மீதி வரைபடத்தை அவன் கிடாவின் வாயிலிருந்து இழுத்தெடுத்தான்.

"அண்ணே," என்றான், "பல்லு?"

அவர் முதன்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தார். "பிடுங்கியாச்சு." வாயைத் திறந்து காட்டினார். அவன் செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தான்.

"ரெண்டு குழி இருக்கே?"

"அதைக் கேளு! முதல்ல நல்ல பல்லைப் பிடுங்கிட்டான் அந்த டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் பார்த்தான் தம்பி. என் வாயை ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

வரைபடக்காரன் மடிக்கணினியை மூடினான்.

டாக்டரின் கதை முக்கால் மணி நேரம் ஓடியது. அது முடிந்ததும், ஆடு எந்த வழியாக வரும், எந்த வழியாகத் தண்ணிக்கு இறங்கும் என்று கேட்டான். அவர் குச்சியால் தரையில் கிழித்துக் காட்டினார். கிடையை விட்டுவிடு, மேல் சரிவிலும் ஓடைக் கரையிலும் நடு, மூணு வருஷம் ஆடு அந்தப் பக்கம் வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

"இங்கேயே நட்டா என்னண்ணே ஆகும்?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

"நாங்க ஒத்துக்கிட்டாலும் ஆடு ஒத்துக்காது தம்பி."

ஆனால் ஓடைக் கரை நீர்த்துறையுடையது. மேல் சரிவு தேன் எடுப்பவர்களின் வழி. கோடு மாறினால் மற்ற எட்டுப் பேரையும் மறுபடி கேட்டாக வேண்டும். மழையோ இன்னும் ஒன்பது நாள்.

அவன் திரும்பியபோது அலுவலகத்தில் யாரும் இல்லை. அக்கா நாற்றங்காலில் இருந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நீர்த்துறைப் பொறியாளரின் எண்ணை அழுத்தினான்.

"சார், வணக்கம். வடக்குப் பள்ளத்தாக்கு விஷயமா…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "அது கிடக்கட்டும் சார். உங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு அக்கா சொன்னாங்க. இப்ப எப்படி இருக்காங்க?"

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. வரைபடக்காரன் செல்போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, "ம்" கொட்டத் தொடங்கினான்.