கிடங்குக்கு முன்னால்

பொக்லைனின் வாளி எதிலோ மோதி நின்றது. அவள் லீவரைப் பின்னுக்கு இழுத்து வாளியைத் தூக்கினாள். சேறு வழிந்த இடத்தில், அளவெடுத்துச் செதுக்கியதுபோல் நேராக ஒரு கல் விளிம்பு தெரிந்தது. ஒரு சாண் கீழே இன்னொன்று. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் குழிக்குள் குதித்தாள். கையாலேயே மண்ணைத் தள்ளினாள். மூன்றாவது விளிம்பு வந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. படிகள். ஆற்றை நோக்கி இறங்கும் கற்படிகள்.

அப்பா சொன்னது அத்தனையும் நிஜம்.

அந்த ஆற்றங்கரையில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிரேனுக்கு அடித்தளம் தோண்டும்போது இந்தப் படிகளைப் பார்த்திருக்கிறார். வேலை தடைபடக் கூடாதென்று சாயங்காலத்துக்குள் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். பிறகு துறைமுகம் முகத்துவாரத்துக்குப் போனது. கிடங்குகளில் புறா அடைந்தது. கிரேனைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இப்போது ஒவ்வொரு கிடங்காக அடுக்குமாடி வீடாகிக்கொண்டிருக்கிறது. மாநகராட்சி வைத்த பலகையில், கிடங்குகள் எழும்பிய வருடத்தில்தான் இந்தப் பேட்டை பிறந்தது, அதற்கு முன் வெறும் சதுப்பு நிலம் என்று எழுதியிருந்தது. சதுப்பு நிலத்துக்கு எவன் படி கட்டுவான் என்று அப்பா அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வாதாடுவார். கிடங்குக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கே படகுக்காரர்கள் இருந்தார்கள், சுமை தூக்கினவர்கள் இருந்தார்கள் என்பார். மாநகராட்சிக்கு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. 'படிக்கட்டு' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம். அம்மாவின் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவமானம் அம்மாவைப் பிடுங்கித் தின்னும்.

சூப்பர்வைசர் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"நாளைக்குக் கான்கிரீட் லாரி வருது. மூடிட்டு அந்தப் பக்கம் தோண்டும்மா. நாம எதையும் பாக்கல."

அவள் வண்டியில் ஏறினாள். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு மறுபக்கமாக இறங்கினாள். தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமே என்று, இடத்தை அளந்துகொண்டிருந்த சர்வேயரிடம் போனால், அவர் ஏற்கெனவே அவர்களோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பு என்பதுபோல் கையை அசைத்தார். பின்னால் சூப்பர்வைசர் கத்துவது வாசல்வரை கேட்டது. அதற்குள் அவள் வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தாள்.

வீடு மூன்றாவது மாடி. அப்பா படுத்து இரண்டு வாரமாகிறது. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"அப்பா, படி வந்திருச்சு."

கண் திறந்தது. குழியிலேயே போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் வாயாலேயே சொன்னாள்: கல்லின் நிறம், அகலம், ஒன்றன் கீழ் ஒன்றாக அவை வந்த விதம். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் ஏறிக்கொண்டு போனது.

"தேஞ்சிருக்கா?" என்றார். காற்று மாதிரி வந்தது குரல்.

"நடுவுல குழி விழுந்து தேஞ்சிருக்குப்பா."

"அப்ப ரொம்பக் காலம் நடந்திருக்காங்க."

பிறகு, "மூடிருவானுங்க" என்றார்.

"எப்படி மூடுவாங்க? வண்டிச் சாவி என் பையில இருக்கு."

அவர் வயிறு குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்து அம்மா ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்து, கேட்டியா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். அப்படியே தூங்கிப்போனார். சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே, மூச்சு நின்றது.

மறுநாள் காலை துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஆற்றங்கரை வழியாக வந்திருந்தார்கள். யாருக்கும் குரலைத் தாழ்த்திப் பேச முடியவில்லை. தொல்லியல் அதிகாரி விடிந்ததுமே வந்து குழியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டாராம். ஒன்பது படி வெளியே வந்துவிட்டதாம். பக்கத்திலேயே வீட்டுத் தரைகள், அடுப்பு வைத்த கரிகூட இருக்கிறதாம். சூப்பர்வைசரே வந்து சாவியை வாங்கிக்கொண்டு, அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கிடங்கில் கணக்கெழுதிய கிழவர் உள்ளே வரும்போதே, "படிக்கட்டு போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா. படிக்கட்டுதான்" என்றாள் அம்மா. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"அப்பாவை எடுக்க வண்டி எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்கும்மா."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல? என்னைக் கூட்டிட்டுப் போ."

அப்பாவை இப்படியே விட்டுவிட்டா என்று அவள் தயங்கினாள். அம்மா அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். அப்பாவின் பக்கத்தில் கிழவர் உட்கார்ந்துகொண்டார்.

அவர்களைப் பார்த்ததும் அதிகாரி எதுவும் கேட்காமல் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். முட்டிவலிக்காரியான அம்மா, மகளின் கையை விலக்கிவிட்டு, தேய்ந்த குழிகளில் பாதம் வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். கடைசிப் படியில் ஆற்று நீர் ஊறிக் கணுக்கால் அளவுக்கு நின்றது. அம்மா அதில் இறங்கி அக்கரையைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள்.