கையை எடுத்தால் நிற்கும் யந்திரம்

“கைய எடுத்தா நின்னு போகுது!”

கடைக்குள் காலை வைத்ததும் சூப்பிரண்டு சார் சொன்ன குற்றச்சாட்டு இதுதான். மண்ணைக் கொத்திக் கிளறும் கரண்ட் டில்லரைக் கவுன்ட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொண்டுவந்தவர் மாதிரி எங்களைப் பார்த்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசாரணை போகவில்லை.

“நிக்கத்தான் சார் செய்யணும். அது அப்படித்தான் செஞ்சிருக்கு” என்றேன்.

“நிக்கிறதுக்கா எடுத்துட்டுப் போனேன்? ஓடுறதுக்கு எடுத்துட்டுப் போனேன். மூக்குக் கண்ணாடி நழுவுது, ஏத்தி விடலாம்னு ஒரு கைய எடுக்கிறேன். நிக்குது. போன் அடிக்குது. எடுக்கிறேன். நிக்குது. பழுதான மெஷின என் தலையில கட்டிட்டீங்க.”

கருவிகளை வாடகைக்கு விடும் இந்தக் கடை என் சித்தப்பாவுடையது. துளை போடும் மெஷின், புல்வெட்டி, ஏணி, பம்ப் எல்லாம் கிடைக்கும். வெளியே போவதையும் திரும்பி வருவதையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வது பதினோரு வருடமாக என் வேலை. அதனால் எனக்கு ஸ்பானர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

நான் டில்லரின் கைப்பிடியைக் காட்டினேன். “இந்தப் பட்டன அழுத்திக்கிட்டே லீவர இழுத்தாத்தான் ஓடும் சார். லீவர விட்டா நிக்கும். கால் வழுக்கி நீங்க விழுந்தீங்கன்னா கை தானா விட்டுடும், கத்தியும் நின்னுடும். கீழ பாருங்க, இருபத்து நாலு கத்தி. வேர் எது, விரல் எதுன்னு அதுக்குத் தெரியாது.”

“நான் ஏம்மா விழப்போறேன்?”

“விழப்போறவங்க யாரும் முன்னாடியே சொல்லிட்டு விழறதில்ல சார்.”

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். கடையில் யார் வந்து எதைச் சொன்னாலும் ‘அதானே’ என்பது அவர் வழக்கம். “அதானே! சாருக்கு விரல் வலிக்குமில்ல? நீ கொஞ்சம் பாத்து ஏதாவது பண்ணிக் குடு ஸ்பானரு.”

“பண்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல சித்தப்பா. நல்லா இருக்கிறத எப்படி ரிப்பேர் பண்றது?”

சூப்பிரண்டு சாரிடம் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புப் போடாதீர்கள், மூடிய ஷூ போடுங்கள். மண் ஈரமாக இருந்தால் தொடாதீர்கள். ஒயரைத் தோள் மேல் போட்டு முதுகுப் பக்கம் விடுங்கள், கத்திக்கு முன்னால் கிடக்கக் கூடாது. கத்தியில் ஏதாவது சிக்கினால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், அப்புறம்தான் கை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய ரம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஒரு வீட்டில் பம்ப் பொருத்தப் போக வேண்டியிருந்ததால் கிளம்பிவிட்டேன். முக்கால் மணி நேரம்தான். திரும்பி வந்தபோது டில்லர் இல்லை. சூப்பிரண்டு சார் இல்லை. என் மேஜை மேல், ஒயர்களைக் கட்டாகக் கட்டும் கறுப்புப் பிளாஸ்டிக் டையின் வெட்டிய நுனி ஒன்று கிடந்தது. பக்கத்தில் என் கட்டிங் பிளேயர்.

நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“சித்தப்பா, லீவரக் கட்டிட்டீங்களா?”

அவர் பேப்பரை இறக்கவில்லை. “சும்மா ஒரு சுத்து சுத்தி விட்டேன். சந்தோஷமாப் போனாரு மனுஷன். நீ ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ண விஷயம், எனக்கு ஒரு நிமிஷ வேலை.”

“கார்டு? ‘பரிசோதித்தாயிற்று’ன்னு என் கையெழுத்து போட்ட கார்டு அதுலதானே தொங்குது?”

“அது எங்க போகும்? அங்கதான் தொங்கும்.”

உச்சந்தலைவரை சூடு ஏறியது. “அப்ப அது நிக்கணும்னா எப்படி நிறுத்துவாரு?”

“வீட்டுல ஸ்விட்ச் இருக்கில்ல? அவர் சம்சாரம் போட்டு அணைப்பாங்களாம். ரொம்ப புத்திசாலி மனுஷன்.”

“சித்தப்பா! ஓடுற கத்திக்கும் அவர் காலுக்கும் நடுவுல இருந்ததே அந்த லீவர் ஒண்ணுதான். அதையும் கட்டிட்டு, அதுக்கு மேல என் கையெழுத்தையும் மாட்டி அனுப்பியிருக்கீங்க. எவ்வளவு தைரியம் உங்களுக்கு?”

“ஏய், குரல இறக்கு. ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு இந்த ஆட்டமா?”

சூப்பிரண்டு சார் நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. வாடகைச் சீட்டில் முகவரி இருந்தது. ஸ்கூட்டர் சாவியையும் கட்டிங் பிளேயரையும் எடுத்தேன்.

“எங்க போற? சாயங்காலத்துக்குள்ள அந்தப் புல்வெட்டி ரெடியாகணும்.”

“அவர் வீட்டுக்குப் போய் மெஷின வாங்கிட்டு வரேன்.”

“கஸ்டமர் வீட்டு வாசல்ல போய் என் மானத்த வாங்கப் போறியா? போனா அப்படியே போயிடு. திரும்பிக் கடைப் பக்கம் வராத!”

போனேன்.

வழியெல்லாம் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

மாடியில்லாத வீடு. பக்கவாட்டில் ஒரு சந்து, அதைக் கடந்தால் பின்பக்கத் தோட்டம். டில்லர் ஓடும் சத்தம் தெருவரை வரும், ஆனால் இப்போது வரவில்லை. முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று கொஞ்சம் நிம்மதியாகக் காலிங் பெல்லை அழுத்தினேன்.

பெல் அடிக்கவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கதவைத் தட்டியதும் ஒரு கையில் பீன்ஸும் இன்னொரு கையில் கத்தியுமாக சூப்பிரண்டு சாரின் மனைவி திறந்தார். முகமெல்லாம் வியர்வை.

“யாரும்மா? சீக்கிரம் சொல்லு, நான் ஸ்விட்சுகிட்ட நிக்கணும். அவர் ‘போடு’ன்னா போடணும், ‘நிறுத்து’ன்னா நிறுத்தணும். பாத்ரூம் போகக்கூட விடல காலையிலருந்து.”

“டில்லர் கடையிலருந்து வரேம்மா. இப்ப நிறுத்தியிருக்கீங்களா?”

“நான் எங்க நிறுத்தினேன்? கரண்ட் போயிடுச்சு. அதுவா நின்னுடுச்சு. கத்தியில ஏதோ வேர் சுத்திக்கிச்சாம், இந்த நேரத்துல எடுத்துடறேன்னு குந்தியிருக்காரு.”

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கு நேரமில்லை. அவரைத் தாண்டிச் சமையலறைக்குள் ஓடினேன். ஜன்னல் வழியாக ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று உள்ளே வந்து சுவர்ப் பலகையில் சொருகியிருந்தது. அதன் ஸ்விட்ச் கீழே இறங்கி இருந்தது. போட்டபடியே இருந்தது! ஸ்விட்சை மேலே தட்டி, பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

ஜன்னலுக்கு வெளியே சூப்பிரண்டு சார் தெரிந்தார். காலில் ரப்பர் செருப்பு. டில்லரைச் சாய்த்துப்போட்டு, முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கத்திகளுக்கு நடுவில் மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து ஒரு வேரை இழுத்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் சித்தப்பாவின் கறுப்பு டை லீவரை இறுக்கிப் பிடித்திருந்தது.

“சார், கைய வெளிய எடுங்க!”

திரும்பிப் பார்த்தார். “நீயா? இங்கயும் வந்துட்டியா?”

“கைய எடுங்க முதல்ல!”

“கரண்ட்டே இல்லையேம்மா. எதுக்கு இப்படிக் கத்துற?”

பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். “கரண்ட் போயிருக்கு சார். ஊர விட்டு ஓடிப் போகல. திரும்பி வரும். லீவரக் கட்டி வெச்சிருக்கீங்க, ஸ்விட்ச் போட்டபடி இருக்கு. அது வர்ற நேரத்துல உங்க கை இருக்கிற இடம் எது?”

“வந்தா சத்தம் கேக்கும். டக்குனு எடுத்துடுவேன்.”

“சத்தம் கேக்கும்போது கத்தி நாலு சுத்து சுத்தியிருக்கும்.”

“எனக்குப் பாடம் எடுக்க வந்தியா? உங்க முதலாளியே அவர் கையால கட்டிக் குடுத்தது இது. அவரவிட உனக்கு அதிகம் தெரியுமோ?”

“இந்த விஷயத்துல தெரியும் சார்.”

எழுந்து நின்றார். கையில் மண்ணும் வேருமாக, ஓர் அலுவலகத்தையே எதிரில் நிறுத்திவைத்துப் பேசுவது போல ஆரம்பித்தார். அவருடைய காலத்தில் இப்படிப்பட்ட பட்டனெல்லாம் இல்லையாம். மனிதனுக்கு மூளை இருந்ததாம். மெஷின் செய்கிறவர்கள் எல்லோரையும் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு செய்கிறார்களாம். கம்பெனிக்குக் கடிதம் எழுதப் போகிறாராம், அதில் என் நடத்தையையும் தனிப் பத்தியாகச் சேர்க்கப் போகிறாராம். அந்தப் பத்தி எப்படி ஆரம்பிக்கும் என்பதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டு டிவி திடீரென்று அலறியது.

சமையலறை மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

சூப்பிரண்டு சார் இரண்டு கைகளையும் வெடுக்கென்று மார்போடு இழுத்துக்கொண்டார். டில்லர் அசையாமல் கிடந்தது. அவர் கைகளும் அதிலிருந்து மூன்றடி தள்ளித்தான் இருந்தன. ஆனாலும் இழுத்துக்கொண்டார்.

அந்தம்மா ஜன்னலில் நின்று அவரையும் டில்லரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்விட்ச் பலகையைத் திரும்பிப் பார்த்தார். தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார்.

சூப்பிரண்டு சார் கைகளை மெதுவாகக் கீழே இறக்கினார். “அதான் ஒண்ணும் ஆகலையே” என்றார்.

அந்தம்மா வெளியே வந்தார். வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசற்படியிலேயே தங்கிவிட்டது.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு? ஸ்விட்சுல நிக்க வெச்சது யாரை? என்னை. அணைக்காம கதவைத் திறக்கப் போனது யாரு? நானு. உங்க விரலு அந்த மண்ணுல விழுந்திருந்தா, ஊரு உலகம் யாரைக் கேட்டிருக்கும்? ‘நீ ஏன் ஆஃப் பண்ணல’ன்னு என்னைத்தானே கேட்டிருக்கும்! சாகிற வரைக்கும் அந்த ஸ்விட்ச நான்ல பாத்துக்கிட்டுச் சமைச்சிருக்கணும்?”

“இந்தா, வெளி ஆளு முன்னாடி...”

“வெளி ஆளுதாங்க ஓடி வந்தா. உள்ளாளு நீங்க குந்திக்கிட்டுல்ல இருந்தீங்க!”

அவர் வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்தார். பிறகு வேறு குரலில் சொன்னார்: “லீவரப் பிடிச்சுக்கிட்டே இருந்தா விரல் மரத்துப்போகுதும்மா. நிஜமாத்தான் சொல்றேன். சொன்னா வயசாயிடுச்சுன்னுவீங்க.”

இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடி, போன் என்று எதையெதையோ சொன்னாரே!

“பத்து நிமிஷம் ஓட்டுங்க, பத்து நிமிஷம் நிறுத்துங்க சார். மெஷினக் கட்டாதீங்க, வேலையப் பிரிச்சுக்குங்க. இல்லன்னா ஆள மாத்திக்குங்க.”

கட்டிங் பிளேயரால் டையை வெட்டினேன். ‘டப்’ என்று லீவர் விடுபட்டது. பிளக் இன்னும் தரையில்தான் கிடந்தது. கத்திகளுக்கு நடுவிலிருந்த மிச்ச வேரை வெட்டி எடுத்தேன். ஒயரைக் கத்தி போகும் வழியிலிருந்து தூக்கி, செம்பருத்திக் கிளையில் மாட்டினேன். “ஆள மாத்திக்குங்க” என்று நான் சொன்னதை அந்தம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்பது, அவர் மூடிய ஷூவோடு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. சூப்பிரண்டு சாருடைய ஷூ. இரண்டு அளவு பெரியது, உள்ளே துணி அடைத்திருந்தார்.

“காட்டும்மா. பட்டன், அப்புறம் லீவர்?”

“உனக்கு ஓட்டத் தெரியுமா?” என்றார் சூப்பிரண்டு சார்.

“ஒரு கைய எடுத்தா நிக்குமாம். இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? நீங்க போய் அந்த பீன்ஸ நறுக்குங்க.”

காட்டிக் கொடுத்துவிட்டுப் பிளக்கைச் சொருகினேன். முதல் வரிசையில் அந்தம்மா வளைந்து வளைந்து போனார். இரண்டாவதில் நேராகப் போனார். நடுவில் வேண்டுமென்றே லீவரை விட்டு, அது நிற்பதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் இழுத்தார். மூன்று தடவை அப்படிச் செய்தார். மூன்றாவது தடவை சிரித்தார்.

என் போன் அடித்தது. சித்தப்பா.

“என்ன ஆச்சு? மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?”

முதல் கேள்வியே அதுதான். போன வேகத்தில் திரும்பி வந்தது என் கோபம்.

“மெஷின் நல்லா இருக்கு சித்தப்பா. கரண்ட் போயிருந்த நேரத்துல ரெண்டு கையையும் கத்திக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஸ்விட்ச் ஆன்ல இருந்துச்சு. நீங்க கட்டின டையும் அப்படியே இருந்துச்சு. நான் பிளக்கப் புடுங்கி ரெண்டு மூணு நிமிஷத்துல கரண்ட் வந்துடுச்சு.”

அந்தப் பக்கமிருந்து ‘அதானே’ கூட வரவில்லை.

“இருக்கீங்களா?”

“கை...?” என்றார். “அவர் கை?”

“இருக்கு. பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருக்காரு.”

நீளமாக ஒரு மூச்சு கேட்டது. “சரி, வா. புல்வெட்டி இருக்கு. நான் ஏதோ கோபத்துல சொன்னேன்.”

“நான் இப்ப கோபத்துல சொல்லல சித்தப்பா. இனிமே நான் பாத்து அனுப்பற மெஷின்ல நீங்க கை வெச்சீங்கன்னா, கடைய நீங்களே பாத்துக்குங்க. வெக்க மாட்டேன்னு சொல்லுங்க, வரேன்.”

“வான்னுதான் சொல்றேன்ல.”

“அது வேற. இது வேற.”

தோட்டத்தில் டில்லர் நின்றது. அந்தம்மா பத்து நிமிடம் ஓட்டியாயிற்று என்று கையை உதறிக்கொண்டிருந்தார். போனைக் காதோடு வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. சித்தப்பா சொல்லட்டும்.